சாப்பாட்டுக்கு ஓவியம்: கறுப்பு மேஜைவிரிப்பில் ஒரு நகரத்தையே வரைந்த நிகோ பிரோஸ்மானி

ஓர் ஏழை ஓவியர். ஊருக்கு வந்த நடிகை மேல் அவருக்குக் காதல். இருந்த கடையை விற்றார், கையில் வந்த காசுக்கெல்லாம் பூ வாங்கி அவள் தங்கியிருந்த வீட்டு வாசலில் கொட்டினார். காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தவள் தெரு முழுக்கப் பூவாகக் கிடப்பதைப் பார்த்து அசந்துபோனாள். அப்புறம்? வேறொரு பணக்காரருடன் ஊரை விட்டுப் போய்விட்டாள். ஓவியர் தனியாகவே கிடந்து செத்துப்போனார்.

இந்தக் கதையை வைத்து ஆந்த்ரேய் வஸ்னெசென்ஸ்கி எழுதி, ரைமண்ட்ஸ் பால்ஸ் இசையில் அல்லா புகச்சோவா 1982-ல் பாடிய பத்து லட்சம் ரோஜாக்கள் பாட்டு சோவியத் யூனியன் முழுக்க ஓடோ ஓடென்று ஓடியது. ஜப்பான் வரைக்கும் போய் அங்கேயும் ஹிட். பாட்டுக்குள் வரும் ஓவியருக்குப் பெயர் கிடையாது. நிஜத்தில் அவர் பெயர் நிகோ பிரோஸ்மானி. ஜார்ஜியா நாட்டுக்காரர்.

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனால் கணக்கு இடிக்கிறது. அவரிடம் இருந்தது ஒரு பால் கடை. அதை அவர் கைவிட்டது 1900-ஐ ஒட்டிய வருடங்களில். அந்த நடிகையை, மார்கரீட்டாவை, அவர் வரைந்தது 1909-ல். நடுவில் எட்டு, ஒன்பது வருடம் இருக்கிறது. இல்லாத கடையை விற்று எப்படிப் பூ வாங்குவது? பூக்கதையை ஊரறியச் செய்தவர் கான்ஸ்தந்தீன் பாவ்ஸ்தோவ்ஸ்கி என்ற ரஷ்ய எழுத்தாளர். பிரோஸ்மானி இறந்து நாற்பது வருடம் கழித்து, தன்னுடைய வாழ்க்கைக் கதையில் அதை எழுதினார். அவர் எழுதியதில்கூட ரோஜா மட்டும் இல்லை, பல வகைப் பூக்கள் வண்டி வண்டியாக வருகின்றன. பத்து லட்சம் ரோஜா ஆனது பாட்டில்தான். இன்னொரு வேடிக்கை: அந்த மெட்டே வேறொரு லாத்வியப் பாட்டுக்காகப் போட்டது. ஓவியருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பூக்கதையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டால் மிச்சம் இருப்பது என்ன? ஒரு வேலைக்காரரின் வாழ்க்கை. போர்டு எழுதிப் பிழைத்தவர், கூலியாகச் சோறும் மதுவும் வாங்கிக்கொண்டவர், கேன்வாஸுக்குப் பதில் மேஜைக்கு விரிக்கும் கறுப்புத் துணியில் தன் நகரத்தின் மனிதர்களை எல்லாம் வரைந்து வைத்தவர். காதல் கதையை விட இதுதான் ஆச்சரியமானது. கொஞ்சம் கோபம் வரவைப்பதும்கூட.

எங்கிருந்து வந்தார்?

ஜார்ஜியாவின் கிழக்கில் ககெத்தி என்ற திராட்சைத் தோட்டப் பகுதி. அங்கே மிர்ஸானி என்று ஒரு கிராமம். 1862-ல் அங்கே ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் நிகோ பிறந்தார். முழுப் பெயர் நிகோலோஸ் பிரோஸ்மனஷ்விலி. அப்பா, அம்மா இரண்டு பேரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பா வேலை பார்த்த கலந்தாரோவ் என்ற வசதியான குடும்பம், அநாதையாக நின்ற பையனைத் திஃப்லிஸ் நகருக்கு அழைத்துக்கொண்டு போனது. இன்றைக்குத் திபிலிசி என்று சொல்கிறோமே, அந்த ஊர்தான்.

அந்த வீட்டில் அவர் யார் என்பது கடைசி வரை தெளிவாகவில்லை. வீட்டுப் பிள்ளையும் இல்லை, முழு வேலைக்காரனும் இல்லை. ஜார்ஜிய மொழியும் ரஷ்ய மொழியும் படிக்க, எழுதக் கற்றுக்கொண்டார். பள்ளிக்கூடம் போய்ப் பட்டம் வாங்கவில்லை. ஓவியம் யாரும் சொல்லித் தரவும் இல்லை. தானாகவே வரைந்து பழகினார்.

திஃப்லிஸ் அப்போது சாதாரண ஊர் இல்லை. ரஷ்யப் பேரரசின் காகசஸ் பகுதிக்கே தலைநகர். ஜார்ஜியர், ஆர்மீனியர், ரஷ்யர், அசர்பைஜானியர், பாரசீகர், குர்துகள், ஜெர்மானியர் என்று எல்லோரும் ஒரே சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். 1872-ல் கருங்கடல் பக்கத்திலிருந்து ரயில் வந்தது. 1883-ல் அந்தப் பாதை பாகு எண்ணெய் வயல்கள் வரை நீண்டது. ஒரு பக்கம் ஒட்டகம், இன்னொரு பக்கம் ரயில் இன்ஜின். இப்படி ஊர் விரிந்துகொண்டே போனதில் கடைகள் பெருகின. கடைக்கு போர்டு வேண்டுமே!

1882-ல் கிகோ சாசியஷ்விலி என்ற இன்னொரு ஓவியருடன் சேர்ந்து போர்டு எழுதும் பட்டறை ஒன்றைத் திறந்தார் நிகோ. ஆர்டர் வரவில்லை. மூடினார்கள். பிறகு 1890-ல் ரயில்வேயில் வேலை. பிரேக் பார்க்கும் கண்டக்டர். திறந்த பெட்டியில் குளிரிலும் மழையிலும் நின்றுகொண்டு போகும் வேலை அது. நாலு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அதற்கப்புறம்தான் அந்தப் பால் கடை. கூட்டாளி ஒருவர், கொஞ்சம் முதலீடு, கடை வாசலில் அவரே வரைந்து மாட்டிய பசுப் படங்கள். வியாபாரம் மோசமில்லை. ஆனால் அவருக்கு மனசு அதில் இல்லை. பொறுப்பைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு வெளியேறினார்.

அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வீடு இல்லை, குடும்பம் இல்லை, கையில் தொழில் என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான். வரைவது.

துகான்களின் ஓவியர்

திஃப்லிஸ் ரயில் நிலையத்தைச் சுற்றி ஏராளமான துகான்கள் இருந்தன. துகான் என்றால் சாப்பாட்டுக் கடையும் மதுக்கடையும் சேர்ந்த இடம். பெரும்பாலும் தெருவை விடத் தாழ்வான, நிலவறை மாதிரியான அறை. இந்தியில் கடைக்குச் சொல்லும் துகான் என்ற அதே சொல்தான். பாரசீகம், அரபி வழியாக இரண்டு பக்கமும் போனது. ரயில்வே தொழிலாளி, வண்டிக்காரர், மீன் விற்பவர், சுமை தூக்குபவர், சின்ன வியாபாரி எல்லோரும் வேலை முடிந்து உட்காரும் இடம் அது.

கடைக்காரருக்கு வெளியே ஒரு போர்டு வேண்டும். உள்ளே சுவர் வெறுமையாக இருந்தால் நன்றாக இருக்காது, எனவே படமும் வேண்டும். நிகோ சின்னப் பெட்டி ஒன்றில் பெயின்ட்டும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு கடை கடையாக வருவார். பேரம் பேசுவார்கள். சில சமயம் காசு. பெரும்பாலும் இரண்டு வேளைச் சாப்பாடு, கொஞ்சம் மது, படுக்க ஒரு மூலை. வேலை முடிந்ததும் அடுத்த கடை. சில கடைக்காரர்கள் மாதக்கணக்கில் தங்கவைத்துக்கொண்டதும் உண்டு. பேகோ என்ற கடைக்காரர் அப்படி ஒருவர். அவரும் அவர் நண்பர்களும் விருந்துக்கு உட்கார்ந்திருக்கும் படம் இன்றைக்கும் இருக்கிறது.

எல்லோரும் அவரை நிகாலா என்று கூப்பிட்டார்கள். இன்னொரு பட்டப்பெயரும் உண்டு: பிரபு. கேலிதான். கையில் காசே இல்லாத மனிதர், ஆனால் பழைய கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஐரோப்பியக் கனவான் மாதிரித்தான் வருவார். சுற்றியிருந்த கைத்தொழிலாளிகளின் உடையை அவர் உடுத்தியதில்லை. யாரோடும் சண்டையில்லை, யாரோடும் அதிகம் ஒட்டவும் இல்லை.

அவர் வரைந்ததை ஓவியம் என்று அந்த ஊரில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடையில் இருக்கும் மேஜை, நாற்காலி மாதிரி அதுவும் ஒன்று. புகை படியும், எண்ணெய் தெறிக்கும். கடை கைமாறினால் படமும் கைமாறும், அல்லது குப்பைக்குப் போகும். இப்படித் தொலைந்தவை எத்தனையோ. இன்று கிடைத்திருப்பவை சுமார் 200.

ஏன் கறுப்புத் துணி?

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஏனென்றால் பிரோஸ்மானியின் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

ஆயில் கிளாத் தெரியுமில்லையா? துணியின் மேல் ஆளி விதை எண்ணெயும் நிறமும் கலந்து பூசி, காயவைத்து, திரும்பப் பூசிப் பளபளவென்று ஆக்குவார்கள். தண்ணீர் இறங்காது. ஏதாவது கொட்டினால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். ரெக்சினும் பிளாஸ்டிக்கும் வருவதற்கு முன்னால் உலகம் முழுக்கச் சாப்பாட்டு மேஜைகளை மூடியிருந்தது இதுதான். துகான்களில் இது சகஜம். விலையும் குறைவு.

பிரோஸ்மானி கறுப்பு ஆயில் கிளாத்தை எடுத்து நேராக அதன் மேலேயே எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். எப்போதும் அதிலேயே வரைந்தார் என்றில்லை. தகரத்தில் வரைந்திருக்கிறார், அட்டையில் வரைந்திருக்கிறார், கிடைத்ததில் வரைந்திருக்கிறார். ஆனால் அவருடைய சிறந்த படங்களில் பெரும்பாலானவை இந்தக் கறுப்புத் துணியில்தான்.

சாதாரணமாக ஓர் ஓவியர் என்ன செய்வார்? வெள்ளை கேன்வாஸை எடுத்து, அதற்கு முதலில் ஒரு பூச்சு கொடுத்து, வெளிச்சத்தில் தொடங்கி நிழலைச் சேர்த்துக்கொண்டே போவார். பிரோஸ்மானி தலைகீழ். அவருக்கு இருட்டு ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அவர் சேர்க்க வேண்டியது வெளிச்சத்தை மட்டும்தான். ஒருவரின் கறுப்புக் கோட்டு வேண்டுமா? கோட்டைச் சுற்றி வரைந்துவிட்டு நடுவில் துணியை அப்படியே விட்டுவிடுவார். மீசை, கண்ணின் கருவிழி, தலைமுடி, ராத்திரி வானம் எல்லாவற்றிலும் இதே கதை. அங்கே பெயின்ட் கிடையாது. மேஜைத் துணிதான் நேராக நம்மைப் பார்க்கிறது.

இதில் லாபக் கணக்கும் உண்டு. பெயின்ட் மிச்சம். நேரம் மிச்சம். சாப்பாட்டுக்கு வேலை செய்பவருக்கு இரண்டுமே முக்கியம். முடிந்ததும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடலாம். புகையடித்த கடைச் சுவரில் மாட்டினாலும் துடைத்துக்கொள்ளலாம். ஆனால் வெறும் சிக்கனம் என்று சொல்லித் தாண்டிப்போய்விட முடியாது. தாழ்வான, வெளிச்சம் குறைந்த அறையில் இந்தப் படங்கள் தொங்கின. விளக்கு வெளிச்சத்தில் படத்தின் கறுப்பு அறையின் இருட்டோடு கலந்துவிடும். வெள்ளை ஏப்ரனும் சிவப்புச் சட்டையும் மனித முகமும் மட்டும் இருட்டிலிருந்து எழுந்து வரும். எந்த இடத்தில் தொங்கப்போகிறது என்று தெரிந்தே வரைந்த மனிதரின் கை அது.

அவர் பயன்படுத்திய வண்ணங்களும் கொஞ்சம்தான். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை. அந்தச் சிலவற்றை வைத்துக்கொண்டு கறுப்பின் மேல் மெல்லிய பூச்சாகப் பூசும்போது, கீழே இருக்கும் கறுப்பு லேசாக எட்டிப்பார்க்கும். அதனால்தான் அவர் நீலம் ஒரு மாதிரி ஆழமாக இருக்கிறது.

யாரை வரைந்தார்?

அரசர்களையும் பழங்கால வீரர்களையும் வரைந்திருக்கிறார், இல்லையென்று சொல்ல முடியாது. கடைக்காரர்கள் கேட்டார்கள். மான், கரடி, சிங்கம் எல்லாம் உண்டு. ஒட்டகச்சிவிங்கி ஒன்றை வரைந்திருக்கிறார். புள்ளிகள் கறுப்பு வெள்ளையில் இருக்கும், கண்கள் மட்டும் மனிதக் கண்கள் மாதிரி நம்மையே பார்க்கும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் அவரைத் தனியாக நிறுத்துவது நகரத்துச் சாதாரண மனிதர்கள். வீட்டு வாசல் காக்கும் தாடிக்காரக் காவலாளி. சிவப்புச் சட்டை போட்டு மீனைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்கும் மீனவர். சமையல்காரர். தெருவில் இசைப்பெட்டி சுற்றிப் பிழைப்பவர். பழம் விற்பவர். விறகு விற்கும் பையன். பீர் குவளையோடு நிற்கும் பெண். ஒட்டகக்காரர். இவர்களை ஓவியத்தில் நிறுத்தவேண்டும் என்று அந்தக் காலத்து திஃப்லிஸில் படித்த ஓவியர்களுக்குத் தோன்றியிருந்தாலும், ஏதோ வேடிக்கைக் காட்சியாகத்தான் வரைந்திருப்பார்கள். பிரோஸ்மானியிடம் வேடிக்கை இல்லை. ஒவ்வொருவரும் முழு உயரத்தில், நேராக, போட்டோவுக்கு நிற்பதுபோல நிற்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை. ராஜா படம் எவ்வளவு பெரிதோ, காவலாளி படமும் அவ்வளவு கம்பீரம்.

பிள்ளையில்லாத கோடீஸ்வரரையும் அவர் மனைவியையும் ஒரு பக்கம், பிள்ளைகளோடு இருக்கும் ஏழைப் பெண்ணை இன்னொரு பக்கம் நிறுத்தி ஒரு படம். விளக்கமே தேவையில்லை. ஓர்த்தச்சாலா என்ற பகுதியில் பாலியல் தொழில் செய்த பெண்களையும் வரைந்தார். அவர்களைக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை விரிப்பின் மேல் படுக்கவைத்து, தோளில் ஒரு பறவையை உட்கார வைத்திருப்பார். கறுப்பு அவர்கள் வாழ்க்கை, வெள்ளை தன்னுடைய இரக்கம் என்று அவரே விளக்கம் சொன்னதாக ஒரு செய்தி உண்டு.

விருந்துப் படங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஜார்ஜியர்கள் கோபித்துக்கொள்வார்கள். நீளமான மேஜை, வெள்ளை விரிப்பு, ரொட்டி, மீன், கட்டுக்கட்டாகக் கீரை, கொம்புக் கோப்பையில் திராட்சை மது. உட்கார்ந்திருப்பவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அப்படியே நம்மைப் பார்ப்பார்கள். ஜார்ஜிய விருந்தில் ஒருவர் தலைமை ஏற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் யாருக்காகக் குடிக்கிறோம் என்று பேசிவிட்டுத்தான் மற்றவர்கள் கோப்பையைத் தொடுவார்கள். செத்தவர்களுக்காகவும் ஒரு சுற்று உண்டு. அந்த அமைதியான நொடியைத்தான் இவர் திரும்பத் திரும்ப வரைந்தார். சோற்றுக்கு வரைந்தவரின் படங்களில் இத்தனை சோறு இருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

சரி, மார்கரீட்டா? அந்தப் படமும் இருக்கிறது. வெள்ளை உடை, கையில் பூங்கொத்து, பக்கத்தில் பறவை. பாட்டில் வரும் தேவதை மாதிரி இல்லை. உறுதியான கால்களில் அழுத்தமாக நிற்கும் ஒரு பெண். காதல் இருந்ததோ இல்லையோ, பார்த்து வரைந்திருக்கிறார்.

மூன்று இளைஞர்களும் ஒரு ராத்திரியும்

1912 கோடையில் மூன்று பேர் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த ஒரு துகானுக்குள் போனார்கள். பெயர் வர்யாக். அண்ணன் தம்பிகளான கிரில், இல்யா ஸ்தானேவிச்; கூட அவர்களின் ஓவிய நண்பர் மிகயீல் லெ தந்த்யூ. மூன்று பேரும் புதுக் கலை, புது இலக்கியம் என்று அலைந்துகொண்டிருந்தவர்கள். சாப்பிட உட்கார்ந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். சாப்பாட்டை மறந்தார்கள்.

யார் வரைந்தது என்று விசாரித்தால், நிகாலா, இப்போ எந்தக் கடையில் இருக்கிறாரோ என்று பதில். அடுத்த சில மாதங்கள் கடை கடையாகத் தேடி, படங்களை வாங்கிச் சேர்த்தார்கள். இல்யா அவரைக் கண்டுபிடித்துத் தன் உருவப்படத்தையும் வரையச் சொன்னார். 1913 பிப்ரவரியில் உள்ளூர் ரஷ்ய நாளிதழில் இல்யா எழுதிய கட்டுரைதான் பிரோஸ்மானி பற்றி வந்த முதல் பெரிய எழுத்து. அதே வருடம் மார்ச் 24-ல் மாஸ்கோவில் இலக்கு என்ற பெயரில் ஒரு கண்காட்சி திறந்தது. மிகயீல் லாரியோனோவ், நத்தாலியா கொஞ்சரோவா, மலேவிச், ஷகால் ஆகியோரின் படங்களுக்குப் பக்கத்தில் துகான் சுவரிலிருந்து போன படங்களும் மாட்டப்பட்டன.

நினைத்துப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டு ஓவியத்தையே திருப்பிப்போடப்போகிறவர்களின் கூட்டத்தில் ஒரு மேஜைத் துணி. ஆனால் அந்தத் துணியில் வரைந்தவர் அப்போதும் திஃப்லிஸில் ஏதோ ஒரு கடை மூலையில்தான் படுத்திருந்தார். மாஸ்கோவில் நடந்தது அவர் வாழ்க்கையில் ஒரு வேளைச் சோற்றைக்கூடக் கூட்டவில்லை.

இல்யா பின்னாளில் பாரிஸுக்குப் போய் இலியாஸ்த் என்ற பெயரில் புகழ்பெற்ற பதிப்பாளர் ஆனார். நடுவில் சனேல் நிறுவனத்துக்குத் துணி வடிவமைத்துக் கொடுத்தார். தன் பதினெட்டு வயதில் கண்டெடுத்த மனிதரை அவர் மறக்கவே இல்லை. 1972-ல் அவர் பிரோஸ்மானி பற்றிய தன் பழைய எழுத்தைப் புத்தகமாகப் போட்டபோது, அதற்காகச் செதுக்கோவியம் ஒன்றைச் செய்து கொடுத்தவர் பிக்காசோ.

ஒரே ஒரு கூட்டம்

1914-ல் உலகப் போர். ரஷ்யப் பேரரசு மது விற்பனைக்குத் தடை போட்டது. துகான்களின் பிழைப்பு படுத்தது. பிரோஸ்மானிக்கு அவைதான் சம்பளம் கொடுக்கும் இடம், மெஸ், வீடு எல்லாமே. வேலை குறைந்தது. வெள்ளையடிப்பது, கடைக் கதவுக்குப் பெயின்ட் அடிப்பது என்று கிடைத்ததைச் செய்தார்.

1916-ல் ஜார்ஜிய ஓவியர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். முன்னால் நின்றவர் தித்தோ ஷெவர்த்நாட்ஸே. பிரோஸ்மானியைத் தேடிப்பிடித்துக் கூட்டிவரச் சொன்னார்கள். அப்போது இருபது வயதே ஆன லாதோ குதியஷ்விலியும் தேடியவர்களில் ஒருவர். பிற்பாடு ஜார்ஜியாவின் பெரிய ஓவியர்.

மே 25-ல் நடந்த கூட்டத்துக்குப் பிரோஸ்மானி வந்தார். பழைய கோட்டு. அதிகம் பேசவில்லை. ஓர் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு யோசனை சொன்னார். ஊருக்கு நடுவில், எல்லோருக்கும் பக்கமாக இருக்கிற மாதிரி மரத்தாலான பெரிய வீடு ஒன்று கட்டுவோம். அங்கே பெரிய மேஜை, பெரிய சமோவார். டீ குடிப்போம், நிறைய டீ, ஓவியத்தைப் பற்றிப் பேசுவோம். ஆனால் உங்களுக்கு இதில் விருப்பமில்லை போலிருக்கிறது என்று அவரே முடித்துக்கொண்டார். சமோவார் என்றால் டீக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் பெரிய பாத்திரம். வீடே இல்லாத மனிதர் அன்றைக்குக் கேட்டது அந்த ஒரு கூரையைத்தான்.

சங்கம் அவருக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தது. எட்வர்த் க்ளார் என்ற போட்டோகிராபரிடம் அனுப்பிப் படம் எடுத்தது. இன்றைக்கு இணையத்தில் நாம் பார்க்கும் அந்த மீசை வைத்த, கண்கள் சோர்ந்த முகம் அதிலிருந்து வந்ததுதான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேதனை. உள்ளூர் ஜார்ஜிய நாளிதழ் ஒன்றில் ஒரு கார்ட்டூன் வந்தது. கோலம் கெட்டு நிற்கும் பிரோஸ்மானி. எதிரே படித்த, பெயர்பெற்ற ஓவியர் ஒருவர். தம்பி, நீ இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும், ஒரு பத்து இருபது வருடத்தில் ஓவியன் ஆகிவிடுவாய், அப்போது உன்னை இளம் ஓவியர்களின் கண்காட்சிக்கு அனுப்புகிறோம் என்று அவர் புத்தி சொல்வதாகக் கார்ட்டூன். பிரோஸ்மானிக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது.

கடைக்காரர்கள் பேரம் பேசியிருக்கிறார்கள், அரைகுறையாகக் கூலி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவருக்கு வரையத் தெரியாது என்று யாரும் சொன்னதில்லை. முதன்முதலாக ஓவியர்கள் கூட்டத்துக்குப் போனார், அடுத்த சில வாரத்தில் ஊர் முழுக்கச் சிரித்தது. அவர் சங்கத்தின் பக்கமே திரும்பவில்லை. உதவிப் பணத்தோடு மறுபடி தேடிப்போனவர்களுக்கு அவர் கிடைக்கவும் இல்லை.

கார்ட்டூன் போட்டவருக்கு அது ஒரு நாள் வேலை, மறந்தும் போயிருப்பார். அதைச் சுமந்துகொண்டு திரிந்தவர் நிகாலா.

கடைசி அறை

1917-ல் புரட்சி. பேரரசு உடைந்தது. ஊரில் சாப்பாட்டுக்கே பஞ்சம். ரயில் நிலையம் பக்கம் ஒரு வீட்டில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன இடுக்கில் பிரோஸ்மானி ஒதுங்கியிருந்தார். 1918-ல் ஈஸ்டர் சமயத்தில் உடம்பு முடியாமல் கிடந்தவரைப் பக்கத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒருவர்தான் கவனித்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சத்தில்லாத உடம்பு, கெட்டுப்போன கல்லீரல். பிழைக்கவில்லை. அடையாளக் கல்கூட இல்லாமல் புதைத்தார்கள். அந்த வருடம் மே 26-ல் ஜார்ஜியா சுதந்திர நாடானது.

1920-ல் தித்தோ ஷெவர்த்நாட்ஸே முயற்சியில் திபிலிசியில் தேசிய ஓவியக் கூடம் திறந்தது. ஸ்தானேவிச் சகோதரர்கள் சேர்த்த படங்களும் காலப்போக்கில் அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தன. பிரோஸ்மானியைக் கூட்டத்துக்கு அழைத்த ஷெவர்த்நாட்ஸேயை 1937-ல் ஸ்டாலின் ஆட்சி சுட்டுக்கொன்றது. அதுவும் இந்தக் கதையின் பகுதிதான்.

1969-ல் பாரிஸில் லூவ்ர் வளாகத்தில் பிரோஸ்மானி கண்காட்சி. அதே வருடம் கியோர்கி ஷெங்கெலாயா அவரைப் பற்றி எடுத்த படம் வெளியானது. பூக்கதையை நம்பியவர்கள் அந்தப் படத்தைப் பார்ப்பது நல்லது. 1995-ல் ஜார்ஜியா லாரி என்ற சொந்தப் பணத்தை வெளியிட்டபோது 1 லாரி தாளில் அவர் முகம். 2018-ல் லண்டன் சதபீஸ் ஏலத்தில், தலைக்கு முக்காடு போட்ட ஜார்ஜியப் பெண்ணை அவர் வரைந்த படம் 20 லட்சம் பவுண்டுக்கும் மேலே போனது. ஒரு காலத்தில் அது எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக் வைத்திருந்த படம். அந்தக் காசில் எத்தனை துகானை வாங்கலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். வேண்டாம்.

அவர் கடைசியாக இருந்த அந்தத் தெருவுக்கு இப்போது அவர் பெயர். படிக்குக் கீழே இருந்த இடுக்கு இன்று சின்ன அருங்காட்சியகம். திபிலிசி போகிறவர்கள் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்ப் பார்த்துவிடலாம்.

போக முடியாதவர்களுக்குப் போன் இருக்கிறது. மீனவர், காவலாளி, விருந்து, ஓர்த்தச்சாலா பெண்கள் எல்லாமே இணையத்தில் நல்ல தரத்தில் கிடைக்கின்றன. எதையாவது ஒன்றைத் திறந்து, கறுப்பாக இருக்கும் இடத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். பிரஷ் போன தடம் முடிந்து, வண்ணம் நின்றுபோய், அதற்கப்பால் லேசாக வெடிப்பு விட்ட ஒரு கறுப்புப் பரப்பு தெரியும். அதுதான் அந்த மேஜைத் துணி.